ஒரு சாண் கடல்

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சன்தான். சுவா பெத்தோங், சிலியாவ், லின்சம், பிராட்வால் என்று கடலுக்குக் கூப்பிடு தூரத்திலும் அதைத் தாண்டியும் தோட்டங்கள். பள்ளி விடுமுறையில் குடும்பமாக அங்குள்ள தெலுக் கெமாங் கடற்கரைக்குப் போவோம். காலையில் பாய் விரித்த இடத்திலிருந்து தண்ணீர் வெகுதூரம் தள்ளி இருக்கும். மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்தில் அலை வந்து பாயின் ஓரத்தை நனைத்துவிடும். அவசரமாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடாத குழந்தை யார்?

அந்தக் கரையில் கடல் ஒரே நாளில் ஏறத்தாழ 2 மீட்டர் ஏறி இறங்குகிறது. அறிவியலாளர்களோ, 2006-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது என்கிறார்கள். நாளுக்கு 2,000 மில்லிமீட்டர் ஆடுகிற ஒன்றில், ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் கூடியது எப்படித் தெரியும்? கேட்டால் நம்பத் தோன்றாத கணக்கு இது. ஆனால் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது அந்நியமான கணக்கல்ல.

மரத்தை ஒருமுறை சீவினால் போகிற பட்டை ஒன்றேகால், ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். நேற்றைய வெட்டையும் இன்றைய வெட்டையும் பார்த்து யாரும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றுவிட்டு ஒருநாள் சீவிக்கொண்டே போனால், ஆண்டு முடிவில் வெட்டு ஏறத்தாழ ஒரு சாண் கீழே இறங்கியிருக்கும். அதனால்தான் தோட்டங்களில் பட்டையின்மேல் மாத அடையாளம் போட்டு வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தை அந்த அடையாளம் காட்டிக்கொடுத்தது. கடலின் ஓராண்டு உயர்வு என்பது கத்தியின் மூன்று சீவல் அளவு. அந்தக் கடலுக்கு அடையாளம் போட்டு வைப்பதையே வாழ்நாள் வேலையாக்கிக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். கடலின் வெப்பம், உப்பு, நீரோட்டம், மட்டம் ஆகியவற்றை இயற்பியல் கொண்டு ஆராயும் அவர்களைக் கடல் இயற்பியலாளர்கள் என்கிறோம்.

முதலில் அந்த 2 மீட்டர் ஆட்டத்தைக் கழிக்க வேண்டும். தமிழில் அதற்கு ஓதம் என்று பழைய பெயர் உண்டு. நிலாவும் சூரியனும் கடல்நீரை இழுப்பதால் வருவது ஓதம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றம் பெரிதாக இருக்கும். எவ்வளவு பெரிதானாலும் ஓதம் நேரம் தவறாதது. ஏறிய அளவுக்கு இறங்கியே தீரும். மணிக்கு ஒருமுறை கடல்மட்டத்தைக் குறித்துவைத்தால் ஓராண்டில் 8,760 குறிப்புகள் சேரும். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது அந்த ஆண்டின் சராசரிக் கடல்மட்டம். நிலாவின் பாதைக்கு 18.6 ஆண்டுகளில் முடியும் ஒரு நீண்ட சுற்றும் உண்டு. ஆகவே சில ஆண்டுக் குறிப்பு போதாது, பல பத்தாண்டுகள் வேண்டும்.

குறிப்பு எடுக்கும் கருவிக்கு ஓதமானி என்று பெயர் வைக்கலாம். பழைய ஓதமானியின் நுட்பம் மிக எளிது. கடலோரத்தில் ஒரு பெரிய குழாயைச் செங்குத்தாக நிறுத்துவார்கள். அடியில் ஒரு சிறு துளை. நொடிக்கு நொடி அடிக்கிற அலை அந்தத் துளை வழியாக அவசரமாக உள்ளே புக முடியாது. மணிக்கணக்கில் மெல்ல ஏறும் ஓதத்துக்கு அதுவே போதுமான வழி. ஆகவே வெளியே அலை கொந்தளித்தாலும் குழாய்க்குள் தண்ணீர் அமைதியாக ஏறி இறங்கும். அதில் மிதக்கும் மிதவையோடு பேனாவை இணைத்து, சுழலும் தாளில் கோடு வரையவிட்டார்கள். இப்போது மேலிருந்து ரேடார் அலையை அனுப்பி அளக்கும் கருவிகளும் வந்துவிட்டன.

மலாயாவிலும் இந்தக் கதை உண்டு. 1912-இல் தீபகற்பத்தின் நில உயரங்களுக்கு ஆதாரமாக ஒரு கடல்மட்டம் குறிக்கப்பட்டது. இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமில் சில மாதங்களே எடுத்த அளவுகளை வைத்து அது கணக்கிடப்பட்டது. 1980-களில் லங்காவி, பினாங்கு, லூமுட், கிள்ளான் துறைமுகம், தஞ்சோங் கிளிங், கூக்குப் எனக் கரை நெடுகப் புதிய ஓதமானிகள் நிறுவப்பட்டன. கிள்ளான் துறைமுகத்தில் 1984 முதல் 1993 வரை பத்தாண்டு எடுத்த சராசரியே பிறகு புதிய ஆதாரமானது. சிரம்பானில் ஒரு மேட்டின் உயரத்தைச் சொன்னாலும் அது அந்தக் கடற்கரைக் கணக்கிலிருந்து எண்ணிச் சொன்ன உயரம்தான்.

ஓதமானியிடம் ஒரு பெரிய சிக்கல் உண்டு. லயத்து வீட்டின் கதவு நிலையில் பிள்ளையின் உயரத்தைக் கோடு போட்டுக் குறிப்போம். அந்த நிலை மண்ணுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தால், பிள்ளை வளர்ந்ததைவிட அதிகம் வளர்ந்ததுபோலக் கோடு காட்டும். ஓதமானி நிற்கும் நிலமும் அப்படி அசையக்கூடியது. 2004 டிசம்பரில் சுமத்ரா கரையோரம் நேர்ந்த நிலநடுக்கம் லங்காவியை ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்திவிட்டது. ஆற்று வண்டல் படிந்த கழிமுகங்கள் தம் எடையாலேயே அமுங்குகின்றன. பழைய பனியுகத்தின் பனி உருகியபின் உலகின் சில பகுதிகளில் தரை இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஓதமானி காட்டும் உயர்வில் கடலின் பங்கு எவ்வளவு, நிலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தாக வேண்டும்.

இந்தப் பிரிக்கும் வேலையைத் தெற்காசியக் கடல்களுக்குச் செய்தவர்களில் முக்கியமானவர் ஏ. எஸ். உன்னிகிருஷ்ணன். கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தில் பணியாற்றிய கடல் இயற்பியலாளர். வங்காள விரிகுடாவில் புயல் கிளப்பும் பேரலைகளையும் கடல்மட்டத்தின் உச்ச ஏற்றங்களையும் ஆராய்ந்தவர். அவரும் அதே நிறுவனத்தின் டி. சங்கரும் 2007-இல் ஒரு நேரான கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்: உலகக் கடல் உயர்கிறது என்கிறார்களே, நம் வட இந்தியப் பெருங்கடலின் குறிப்பேடுகளும் அதையே சொல்கின்றனவா?

அவர்களுக்குக் கைகொடுத்தவை முந்தைய தலைமுறைகள் எழுதி வைத்த ஏடுகள். மும்பையில் 1878 முதல் ஓதக் குறிப்புகள் இருக்கின்றன. அவற்றை அன்றன்று எழுதியவர்களுக்குப் பருவநிலை மாற்றம் என்ற சொல்லே தெரியாது. கப்பல் துறைமுகத்துக்குள் எப்போது நுழையலாம் என்று சொல்லத்தான் எழுதினார்கள். உன்னிகிருஷ்ணனும் சங்கரும் 40 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குறிப்புள்ள துறைமுகங்களைத் தேர்ந்து, பனியுகத்துக்குப் பிந்தைய நில அசைவைக் கழித்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கு 1.06 முதல் 1.75 மில்லிமீட்டர் வரை உயர்வு தெரிந்தது, சராசரி 1.29. உலக மதிப்பீட்டோடு அது ஒத்துப்போனது. கொல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளி ஆற்றிலுள்ள டைமண்ட் ஹார்பர் மட்டும் ஆண்டுக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் காட்டியது. அங்கே கழிமுக நிலம் அமிழ்வதும் சேர்ந்துகொண்டிருந்தது. கதவு நிலை இறங்கிய கதைதான்.

ஓதமானிகள் கரையில் மட்டுமே நிற்கின்றன. நடுக்கடலை யார் அளப்பது? 1992 ஆகஸ்ட்டில் அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து டோப்பெக்ஸ் பொசைடன் என்ற செயற்கைக்கோளை ஏவின. தரையிலிருந்து 1,336 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி அது கடலை நோக்கி ரேடார் துடிப்புகளை அனுப்பியது. துடிப்பு கடலில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்து, கடல் எவ்வளவு கீழே இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். கோள் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைத் தரையிலிருந்து லேசர் ஒளியாலும் வானொலி அலையாலும் தனியே அளந்தார்கள். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் கடலின் உயரம். பத்து நாளுக்கு ஒருமுறை அதே தடத்தில் திரும்பி வந்தது. அதன்பின் ஜேசன் வரிசையும், 2020 முதல் சென்டினல் 6-உம் அதே வேலையைத் தொடர்கின்றன.

ஒரு தனி அளவில் சில சென்டிமீட்டர் பிழை இருக்கும். அப்படியானால் மில்லிமீட்டர் எப்படித் தெரிகிறது? தோட்டத்து ஸ்டோரில் ஒரு வாளி ரப்பர்ப் பாலை நிறுக்கும்போது தராசு முள் சற்று முன்னே பின்னே ஆடலாம். ஆயிரம் வாளியை நிறுத்துச் சராசரி எடுத்தால், கூடக் காட்டியதும் குறையக் காட்டியதும் சரிக்கட்டிக்கொள்ளும். செயற்கைக்கோள் எடுப்பது கோடிக்கணக்கான அளவுகள். தராசே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மட்டும் சராசரி உதவாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் கரையிலுள்ள ஓதமானிகளோடு செயற்கைக்கோள் அளவுகளை இடைவிடாமல் ஒப்பிடுகிறார்கள். புதிய கருவிக்குப் பழைய கருவி காவல்.

ஆஸ்திரேலியாவின் ஜான் சர்ச் இந்த இடத்தில்தான் வருகிறார். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து, ஹோபார்ட்டில் அந்நாட்டு அரசு அறிவியல் நிறுவனத்தில் பல பத்தாண்டுகள் கடலை ஆராய்ந்தவர். செயற்கைக்கோள் உலகம் முழுவதையும் பார்க்கிறது, ஆனால் 1990-களிலிருந்துதான். ஓதமானிகளிடம் நூறாண்டுக் குறிப்பு உண்டு, ஆனால் அவை அங்கொன்றும் இங்கொன்றும்தான். இரண்டையும் இணைத்தால் என்ன என்று சர்ச்சும் அவருடன் பணியாற்றிய நீல் ஒயிட்டும் முயன்றார்கள்.

அனுபவமுள்ள ஒரு கங்காணியை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த நிரையில் பால் கூடினால் வேறு எந்த நிரையில் கூடும், எது குறைந்தால் எது குறையும் என்று அவருக்குத் தெரியும். நாலைந்து நிரையின் பாலைச் சொன்னாலே காட்டின் மொத்தத்தை மதிப்பிட்டுவிடுவார். கடலின் பகுதிகள் எப்படிச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதைச் செயற்கைக்கோள் கற்றுக்கொடுத்தது. அந்த அறிவைப் பழைய ஓதமானிக் குறிப்புகளில் பொருத்தி, 1870 முதல் 2004 வரை உலகக் கடல் 195 மில்லிமீட்டர் உயர்ந்தது என்று 2006-இல் வெளியிட்டார்கள். உயர்வின் வேகமே கூடிக்கொண்டு வருகிறது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது.

உயர்ந்தது சரி, எதனால் உயர்ந்தது? காரணங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று வெப்ப விரிவு. சட்டியில் விளிம்புவரை எண்ணெய் ஊற்றிச் சூடாக்கினால் வழிந்துவிடும், ஏனென்றால் சூடான திரவம் அதிக இடம் பிடிக்கும். புவியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடல்தான் விழுங்குகிறது. இன்னொன்று நிலத்திலுள்ள பனி உருகிக் கடலில் சேர்வது. கோப்பையில் ஏற்கெனவே மிதக்கும் ஐஸ் கரைந்தால் பானம் வழியாது, வெளியிலிருந்து புதிதாக ஐஸ் போட்டால் வழியும். மலைப் பனியாறுகளும், கிரீன்லாந்து, அண்டார்க்டிகா பனிப்படலங்களும் அப்படி வெளியிலிருந்து வந்து சேர்கிறவை.

இந்த இரண்டையும் கூட்டினால் ஓதமானி காட்டும் உயர்வு வர வேண்டும். நெடுங்காலம் வரவில்லை. மூத்த கடலியலாளர் வால்டர் மங்க் 2002-இல் இதை ஒரு புதிராகவே எழுதினார். கிராணியின் பேரேட்டில் வரவும் இருப்பும் பொருந்தாவிட்டால் என்ன பொருள்? யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள், அல்லது தராசு சரியில்லை. இங்கே ஒரு தராசு சரியில்லாமல் இருந்தது.

பல பத்தாண்டுகளாகக் கடலின் வெப்பத்தை அளக்க, மெல்லிய கம்பியில் கட்டிய ஒரு சிறு கருவியைக் கப்பல்களிலிருந்து கடலில் போட்டார்கள். அது விழுந்துகொண்டே வெப்பநிலையைச் சொல்லும், ஆனால் ஆழத்தை அளக்காது. போட்டு எத்தனை நொடி ஆயிற்று என்பதை வைத்து ஆழத்தை ஊகித்தார்கள். விழும் வேகத்தைத் தவறாக எடுத்துக்கொண்டதால் ஆழம் தப்பியது. ஆழம் தப்பினால் அந்த ஆழத்தின் வெப்பமும் தப்பும். 1970-களில் கடல் திடீரெனச் சூடாகிப் பிறகு ஆறியதுபோல ஒரு பொய்த் திமில் வரைபடங்களில் தெரிந்தது. காட்டியா டொமிங்கெஸ் என்ற ஆய்வாளரும் சர்ச்சும் கூட்டாளிகளும் பிழையைத் திருத்தி 2008-இல் மறுபடி கூட்டினார்கள். 1961 முதல் 2003 வரை காரணங்களின் கூட்டுத்தொகை ஆண்டுக்கு 1.5 மில்லிமீட்டர், கடல் காட்டிய உயர்வு 1.6. கணக்கு நேரானது. எனக்கு இந்த அறிவியலில் பெருமதிப்பு வந்ததே இந்த இடத்தில்தான். கணக்கு இடித்தபோது யாரும் அதை மறைக்கவில்லை. எங்கே இடிக்கிறது என்று தம் கருவிகளையே சந்தேகித்துத் தேடினார்கள்.

இன்று கடலின் வெப்பத்தை அளக்கும் வேலையை ஆர்கோ மிதவைகள் இன்னும் நன்றாகச் செய்கின்றன. பாலில் ரப்பர் எவ்வளவு என்று பார்க்க ஸ்டோரில் மெட்ரோலாக் என்ற கண்ணாடி மிதவையைப் போடுவார்கள். திரவத்தின் அடர்த்திக்கு ஏற்ப அது மூழ்கும் அளவு மாறும். ஆர்கோவும் அதே மிதப்பு விதியில்தான் இயங்குகிறது. உள்ளே இருக்கும் எண்ணெயை வெளியே ஒரு பைக்குள் தள்ளினால் அதன் பருமன் கூடி மேலே வரும், உள்ளிழுத்தால் மூழ்கும். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம் வரை போய், வெப்பம், உப்பு, அழுத்தம் மூன்றையும் அளந்தபடி மேலே வந்து, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பிவிட்டு மீண்டும் மூழ்குகிறது. உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதவைகள் இப்படி உழைக்கின்றன. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் மையமும் இதில் பங்காளி.

பனியின் எடையை அளக்கவும் வழி பிறந்தது. 2002-இல் ஏவிய கிரேஸ் என்ற இரட்டைக் கோள்கள் ஒன்றையொன்று 220 கிலோமீட்டர் இடைவெளியில் பின்தொடர்ந்தன. கீழே எடை மிகுந்த பனி இருந்தால் முன்னே போகும் கோள் முதலில் இழுபட்டு இடைவெளி கூடும். மாதந்தோறும் அந்த இழுப்பு எப்படிக் குறைகிறது என்று பார்த்து, கிரீன்லாந்து எவ்வளவு பனியை இழந்தது என்று சொன்னார்கள்.

2013-இல் பன்னாட்டுப் பருவநிலைக் குழுவின் ஐந்தாம் அறிக்கையில் கடல்மட்டம் பற்றிய அத்தியாயத்தைத் தொகுத்தபோது, அதன் தலைமைப் பொறுப்பாளர் இருவரில் சர்ச் ஒருவர், முதன்மை ஆசிரியர்களில் உன்னிகிருஷ்ணன் ஒருவர். 2016-இல் ஆட்குறைப்பில் சர்ச் தம் பதவியை இழந்தார். அந்தச் செய்தி வந்தபோது அவர் ஆய்வுக் கப்பலில், கடலின்மேல் இருந்தார். பிறகு நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடர்ந்தார்.

2021-இல் வந்த அக்குழுவின் ஆறாம் அறிக்கை 1901-க்கும் 2018-க்கும் இடையில் கடல் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது என்கிறது. ஏறத்தாழ ஒரு சாண். 1971-க்குப் பிந்தைய உயர்வில் பாதி வெப்ப விரிவு, பனியாறுகள் 22 விழுக்காடு, பனிப்படலங்கள் 20 விழுக்காடு. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு ஒரே ஒரு சீவலாக இருந்த உயர்வு, இப்போது மூன்று சீவல்.

கிரீன்லாந்து எங்கோ இருக்கிறது, போர்ட்டிக்சனுக்கு என்ன என்று கேட்கலாம். பெரிய பனிமலை தன்னைச் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் ஈர்ப்பு விசையால் இழுத்து வைத்திருக்கிறது. பனி உருகினால் அந்தப் பிடி தளர்ந்து, பனிக்கு அருகில் கடல் தாழும், தொலைவில் உலகச் சராசரியைவிட அதிகம் ஏறும். நாம் வாழும் நிலநடுக்கோட்டுப் பகுதி அந்தத் தொலைவில்தான் இருக்கிறது.

ஒரு சாண் பெரிதா என்றால், முக்காலிமேல் நிற்கும் குழந்தையின் கை எட்டும் தூரத்தை நினையுங்கள். ஓதம் பழைய உயரமே ஏறினாலும், ஏறத் தொடங்கும் படி உயர்ந்திருக்கிறது. சிலாங்கூரின் கேரித் தீவில் செம்பனைத் தோட்டங்கள் கடலைத் தடுக்கும் வரப்புகளுக்குப் பின்னால் வாழ்கின்றன. இத்தகைய தாழ்நிலங்களில் மழைநீரை வடிக்கும் மதகைக் கடல் தாழும் நேரத்தில்தான் திறக்க முடியும். கடல்மட்டம் கூடக்கூட அந்த நேரம் சுருங்கும். வெளியிலிருந்து கடல் வருமுன்பே உள்ளே மழைநீர் தேங்கத் தொடங்கிவிடும்.

புகையை விரைந்து குறைத்தால் 2100-க்குள் ஒன்றரை முதல் இரண்டேமுக்கால் சாண், குறைக்காமல் விட்டால் மூன்று முதல் ஐந்து சாண் வரை கடல் ஏறலாம் என்பது அதே அறிக்கையின் கணிப்பு. சூடேறிய கடல் உடனே ஆறாது, நூற்றாண்டுகளுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு விரைவாக, எவ்வளவு உயரம் என்பது மட்டும் இன்னும் நம் கையில் இருக்கிறது.

அடுத்தமுறை தெலுக் கெமாங்கில் அலை பாயை நனைக்கும்போது, பிள்ளைகளுக்கு இந்த ஒரு சாண் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். பட்டையில் அடையாளம் போட்டு மரத்தைக் காத்த கைகளின் பேரப்பிள்ளைகள் அவர்கள். கடலுக்கு அடையாளம் போடும் வேலைக்கும் அந்தப் பிள்ளைகளிலிருந்து ஆள் வர வேண்டும்.